வெள்ளமும் வறட்சியும் புயலும்: பருவ மழையை நம்பிய சாகுபடிக்குரிய முன்னேற்பாடுகள்

பருவ மழையை நம்பிச் சாகுபடி செய்யும் நாடுகளில், வானத்தினின்று விவசாயிக்கு நேரும் கஷ்டங்கள் மூவகைப்படும். நீர் மிகுதல் ஒன்று, நீர் குறைதல் மற்றொன்று, பெருங்காற்று மூன்றாவது. இவை மூன்றும் தெய்வச் செயல் என்றும், வந்தால் பொறுத்துக்கொள்வதேயன்றி வேறு வழியில்லை என்றும் கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். மழை பெய்வதும் பெய்யாதிருப்பதும் மனிதர் வசத்தில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பெய்த மழை எவ்வழியே ஓடுகிறது, எங்கே தங்குகிறது, எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் அதற்கு உட்படுகிறது, நஷ்டம் நேர்ந்தபின் அது கணக்கில் எவ்வாறு பதிவாகிறது என்பன பெரும்பாலும் நம் வசத்திலேயே இருக்கின்றன. அவ்விஷயங்களைச் சுருக்கமாக எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அண்மை வருஷங்களின் படிப்பினை

வெள்ளம் ஒரு வருஷத்துக்கு உரியது, வறட்சி வேறொரு காலத்துக்கு உரியது என்று எண்ணுவது தவறு என்பதை நம் மாநிலத்தின் அண்மைக்கால அனுபவம் நன்கு காட்டுகிறது.

2015-ஆம் வருஷம் வடகிழக்குப் பருவ மழை வடகரையோர ஜில்லாக்களில் அளவின்றிப் பெய்தது. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி, ஆறுகள் கரைபுரண்டு, சென்னையும் அதைச் சூழ்ந்த ஜில்லாக்களும் நீரில் மூழ்கின. அடுத்த வருஷமே நிலைமை தலைகீழாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலத்தில் சராசரியாக 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய மழை, 2016-ல் 17 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே பெய்தது. ஏறக்குறைய 140 வருஷக் கணக்கில் இதுவே மிகக் குறைந்த அளவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. இந்த வறட்சியின் நடுவிலேதான், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

2018 ஜூலையில் மேட்டூர் நீர்த்தேக்கம் 120 அடியை எட்டியது. ஆகஸ்டு மாதத்தில் உபரி நீர் கொள்ளிடத்தின் வழியே பெருகி ஓடிற்று. அம்மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகளில் சில உடைந்து வீழ்ந்தன. வெள்ளம் கடலுக்குச் சென்றுகொண்டிருந்த அதே நாட்களில், டெல்டாவின் கடைமடைக்கு நீர் வந்து சேரவில்லை என்ற முறையீடும் எழுந்தது. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகளை வேரோடு பெயர்த்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் மூலம் நீர் கொண்டுவர நேரிட்டது. 2021 ஜனவரியில் பருவந்தவறிப் பெய்த மழை அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்து வயலிலேயே முளைக்கச் செய்தது. 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி ஜில்லாவில் சராசரியாக ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் இது அதிகம்.

ஒரே நிலம், ஒரே குடிகள், ஒன்பதே வருஷங்கள். ஆதலின் வெள்ளத்துக்கென ஓர் ஏற்பாடு, வறட்சிக்கென வேறோர் ஏற்பாடு என்று பிரித்து வைத்துக்கொள்வது பயன் தராது. மிகுந்த நீரை வடியச் செய்யும் வழியும், அதைத் தேக்கி வைக்கும் இடமும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்று கொள்ள வேண்டும்.

2. நம் மழையின் இயல்பு

இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக் காற்றால் மழை பெறுகிறது. அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து கேரளக் கரையிலும் மலைச்சரிவிலும் பொழிந்துவிடுவதால், மலைக்குக் கிழக்கேயுள்ள நம் சமவெளிக்கு ஈரம் குறைந்தே வருகிறது. ஆயினும் காவிரி, வைகை, தாமிரபரணி ஆகியவற்றின் தலைப்பகுதிகளுக்கு அம்மழை பயன்படுகிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் காற்றின் திசை மாறி, வங்காள விரிகுடாவின் ஈரத்தைக் கவர்ந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மாநிலத்தின் வருஷ மழையான சுமார் 92 சென்டிமீட்டரில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில் கிடைக்கிறது. கரையோர ஜில்லாக்களில் இப்பங்கு இன்னும் அதிகம்.

இந்த மழை தினந்தோறும் சிறிது சிறிதாகப் பெய்வதன்று. விரிகுடாவில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள் கரையை நெருங்கும்போது சில நாட்கள் கொட்டிப் பின் நின்றுவிடுவது. பருவத்தில் நான்கைந்து தாழ்வுகள் நம் கரையை நோக்கி வந்தால் வெள்ளம். அவை வடக்கே ஆந்திரக் கரைக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிவிட்டால் வறட்சி. ஆகவே நல்ல வருஷத்துக்கும் கெட்ட வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் சில நாள் மழையே என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

பசிபிக் மகாசமுத்திரத்தின் மத்திய, கிழக்குப் பகுதிகளில் கடல்நீர் வழக்கத்தினும் வெப்பமடைவதை எல் நினோ என்றும், குளிர்வதை லா நினா என்றும் வானிலை நிபுணர் வழங்குகின்றனர். எல் நினோ வருஷங்களில் தென்மேற்குப் பருவம் குன்றுவதும், நம் வடகிழக்குப் பருவம் சற்று மிகுவதும் பலமுறை கண்டவை. 2015 அத்தகைய வருஷமே. ஆனால் இதை மாறாத விதியாகக் கொண்டு பயிர்த்திட்டம் வகுத்தல் ஆபத்தானது. மேலும் பூமியின் வெப்பம் உயர்ந்து வருவதால் காற்று முன்னிலும் அதிக நீராவியைத் தாங்குகிறது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் இது சுமார் 7 சதவிகிதம் கூடும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையே நெடுநாள் காய்வதும் இனி அதிகமாகும் என்று எதிர்பார்ப்பதற்கு இதுவே காரணம்.

3. வெள்ளம்

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் சேரும். ஓரிரவில் 20 சென்டிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். நூறு ஏக்கர் கொண்ட ஒரு வயற்பகுதியில் 8 கோடி லிட்டர். இவ்வளவும் பெரும்பாலும் ஒரே வடிகாலின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவ்வடிகாலின் அகலத்தில் ஒரு முழத்தைத் தம் வயலோடு சேர்த்துக்கொண்டவர் அதனால் பெறும் நெல் சில மரக்கால். அதனால் கீழேயுள்ளவர் இழப்பது ஒரு போகம் முழுவதும். மேட்டு நிலத்தார் வடிகாலைக் குறுக்குவதும், பள்ளத்து நிலத்தார் மூழ்கிப்போவதும் எந்த வட்டாரத்துக்கும் புதியவை அல்ல. இதைப் படிக்கும் நிலச்சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தம் வயலை ஒட்டிய வடிகாலின் அகலம் புலப்படத்தில் எவ்வளவு, நேரில் எவ்வளவு என்பதை ஒருமுறை அளந்து பார்த்தல் நலம்.

காவிரி டெல்டாவில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே நிலத்தின் சரிவு மிகக் குறைவு. மேலேயுள்ள வயலுக்கு வடிகாலாக இருப்பதே கீழேயுள்ள வயலுக்குப் பாசன வாய்க்காலாகவும் அமைகிறது. ஆதலின் பாசனத்துக்காக இடையில் போட்ட மண் அணையோ மூங்கில் தட்டியோ மழைக்காலத்தில் நீக்கப்படாமல் இருந்தால், நீர் எதிர்த்து ஏறி நாற்றங்காலையும் நடவையும் அழிக்கும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய வாய்க்காலில் நீரின் வேகம் மிகக் குறைந்துவிடும். கோடையில் தூர் வாரியிருந்தாலும், புரட்டாசியில் மறுமுறை செடிகொடிகளை வெட்டி அகற்றுதல் அவசியம்.

நீரில் மூழ்கிய நெல் ஏன் சாகிறது என்பதை அறிந்தால் செய்ய வேண்டியது விளங்கும். பயிருக்கும் சுவாசம் உண்டு. காற்றில் பரவுவதைவிடப் பிராணவாயு நீரில் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. கலங்கல் நீர் வெயிலையும் மறைத்துவிடுவதால் பயிர் உணவு தயாரிக்க இயலாமல், சேமித்து வைத்ததைச் செலவிட்டு, நீர்மட்டத்துக்கு மேலே வர விரைந்து நீளுகிறது. அம்முயற்சியில் சோர்ந்து, நீர் வடிந்தவுடன் சாய்ந்து அழுகுகிறது. ஒடிசாவின் பழைய நெல் வகையொன்றில், மூழ்கியபோது நீளாமல் அடங்கியிருந்து, நீர் வடிந்தபின் மீண்டும் தளிர்க்கும் குணம் இருந்தது. சப்-1 என்னும் அக்குணத்தைச் சேர்த்து உண்டாக்கிய ஸ்வர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 ஆகிய ரகங்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்க வல்லவை. பள்ளக்காலில் நீண்டகாலச் சம்பா செய்வோர் இவற்றை விரும்பி ஏற்கலாம். ஆனால் பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இந்த ரகங்களும் காப்பாற்றா. வாரக்கணக்கில் நீர் தேங்கும் வயலுக்கு வடிகாலே மருந்து, விதை அன்று.

தாளடிப் பயிர் நட்டவுடனேயே நவம்பர் மழையில் அகப்படுவதால் அதிகம் கெடுகிறது. ஆகஸ்டிலேயே விதைத்த சம்பா, அதற்குள் தூர் கட்டி உயர்ந்துவிடுவதால் ஓரளவு தாங்கும். நாற்றங்காலை மேட்டுப் பகுதியில் அமைப்பதும், நட வேண்டிய நிலத்துக்குப் போதியதைவிடச் சிறிது கூடுதலாக நாற்று விடுவதும், வெள்ளத்துக்குப்பின் வெற்றிடங்களை நிரப்பப் பெரிதும் உதவும்.

நீர் வடிந்தபின் உடனே தழைச்சத்து உரத்தை வீசிவிடக் கூடாது. வேர் சுவாசிக்கத் தொடங்கிப் புதுத் தளிர் தோன்றும்வரை பொறுத்து, யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் உரமும் சேர்த்து இட வேண்டும். பயிர் மஞ்சளித்திருந்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் கரைத்துத் தெளிக்கலாம்.

ஏரிக்கரைகளைக் குறித்து ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுட் பல தனித்தனி ஏரிகள் அல்ல. மேலேரியின் கலிங்கில் வழியும் நீர் கீழேரிக்குப் போய்ச்சேரும் தொடர்கள். மேலே ஒரு கரை உடைந்தால் அந்த நீர் அனைத்தும் ஒரே நேரத்தில் கீழே பாய்ந்து அடுத்த கரையையும் உடைக்கும். கரை உடையுமுன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். கரையின் வெளிப்புறத்தில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வரவேண்டும்; கலங்கல் நீர் கசிந்தால், கரையின் உள்ளிருந்து மண் அரித்துச் செல்கிறது என்று பொருள். உடனே மணல் மூட்டைகளால் பலப்படுத்தி மேலதிகாரிகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எலி வளை, நண்டு வளைகளைப் புரட்டாசிக்குள் அடைத்துவிட வேண்டும். கலிங்கின்மேல் மண் மூட்டை அடுக்கி அதிக நீர் தேக்குவது, தம் கரையையும் அண்டை ஊரையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும்.

4. வறட்சி

வெள்ளம் சத்தத்தோடு வருகிறது. வறட்சி சத்தமின்றி வருகிறது. தாது வருஷத்தில், அதாவது 1876-ல், தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது குடிகள் பட்ட துயரம் நெடுநாள் வரை கிராமங்களில் பேசப்பட்டது. இன்று தானியம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரைந்து செல்வதால் பட்டினிச் சாவு தடுக்கப்படுகிறது. ஆனால் விவசாயியின் கடனும், விற்ற மாடும், வறண்ட கிணறும் அவ்வளவு எளிதில் ஈடாவதில்லை.

வறட்சிக்குரிய முதற்பாதுகாப்பு, வெள்ளத்தின்போது செய்யப்பட வேண்டியது. கோடை மழையில் சரிவுக்குக் குறுக்கே உழுதுவைத்த நிலம் நீரை உள்ளே வாங்குகிறது. உழாத நிலத்தின்மேல் நீர் ஓடிவிடுகிறது. வரப்பை உயர்த்திப் பலப்படுத்துதலும் அவ்வாறே. ஏரியின் வண்டலை உரிய அனுமதி பெற்று எடுத்து வயலில் பரப்பினால் ஏரியின் கொள்ளளவு கூடுகிறது; வயலின் மண் ஈரம் காக்கும் குணத்தைப் பெறுகிறது. குடிமராமத்து என்ற பெயரால் நம் முன்னோர் ஆண்டுதோறும் செய்து வந்த வேலை இதுவே. அப்பெயரிலேயே 2017-ல் அரசாங்கத்தாரால் இத்திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. திட்டம் யாருடையதாயினும், வாய்க்கால் வெட்டும் நாளில் ஊரார் வந்து நின்றாலன்றி வேலை நிலைக்காது.

மானாவாரி நிலம் உடையோருக்குப் பண்ணைக்குட்டை மிகவும் பயனுள்ளது. பத்து சென்ட் பரப்பில் ஐந்தடி ஆழம் வெட்டிய குட்டையில், பக்கச் சரிவு போக, உத்தேசமாக நாலரை லட்சம் லிட்டர் நீர் தங்கும். ஓர் ஏக்கர் புன்செய்ப் பயிருக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒருமுறை பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆகவே, கசிவும் ஆவியாதலும் சிறிதாக இருக்குமாயின், இரண்டு தண்ணீருக்குக் குட்டை போதும். பூக்கும் பருவத்தில் கிடைக்கும் ஒரு தண்ணீர் பல சமயங்களில் விளைவுக்கும் வெறும் தட்டைக்கும் உள்ள வித்தியாசமாகிறது. பத்து சென்ட் நிலம் வீணாகிறதே என்று கருதுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நெல் வயலில் எப்போதும் நீர் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அவசியமற்றது. தூர் கட்டும் பருவத்தில், கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்புக் காணும்போது மீண்டும் நீர் கட்டினால் போதும். வேரும் ஆழமாக இறங்கும். ஆனால் தொண்டைக்கதிர் முதல் பால் பிடிக்கும் வரை நீர்க்குறைவு கூடவே கூடாது. அக்காலத்தில் சில நாள் வாட்டம்கூட மணிகளைப் பதராக்கிவிடும். நீர் சொற்பமாக இருந்தால் முன்பருவத்தில் சிக்கனம் செய்து இப்பருவத்துக்கு ஒதுக்கி வைத்தல் வேண்டும். முறைநீர் வகுப்பவர்கள் இதை மனத்தில் வைத்து, வயலின் பரப்பை மாத்திரம் பாராமல் பயிரின் பருவத்தையும் பார்த்து முறை வகுப்பாராக.

நீர் போதாது என்று ஆடி முடிவில் தெரிந்துவிட்டால், பிடிவாதமாக நெல்லையே நடுவது நஷ்டத்துக்கு வழி. நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமார் 120 சென்டிமீட்டர் நீர் வேண்டியிருக்க, கேழ்வரகுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். உளுந்துக்கும் பயறுக்கும் அதனினும் குறைவு. வரகு, குதிரைவாலி முதலியன மானாவாரியிலேயே விளைந்துவிடும். இராமநாதபுரத்தாரைப் போல் புழுதியில் நெல்லை நேரடியாக விதைத்து, பின்வரும் மழையில் முளைக்கவிடுவதும் நாற்றங்கால் நீரை மிச்சப்படுத்தும் நல்ல முறையாகும்.

5. புயல்

கடல்நீரின் வெப்பம் சுமார் 26.5 டிகிரிக்கு மேற்பட்டிருக்கும்போது, அதன்மேலுள்ள ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மழையாகும் வேளையில் வெளிப்படும் வெப்பமே புயலுக்கு உணவு. நம் பகுதியில் புயற்காற்று கடிகார முட்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் அது புயல் எனவும், 89-ஐ எட்டினால் தீவிரப் புயல் எனவும் பெயர் பெறும். தரையில் ஏறியதும் கடலின் ஈரம் கிடைக்காமையால் வலுவிழந்து மழையாக முடிகிறது.

புயலின் நடுவே கண் எனப்படும் அமைதியான பகுதி உண்டு. அது ஊரின்மீது கடக்கும்போது காற்று திடீரென நின்றுவிடும். புயல் ஓய்ந்தது என்று எண்ணிப் பலர் வெளியே வந்து மாட்டுக்கொட்டிலையும் தோப்பையும் பார்க்கச் செல்வதுண்டு. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும். ஒரு பக்கம் அசைந்து வேர் தளர்ந்த மரங்கள் விழுவது இரண்டாவது காற்றிலேதான். அதிகாரிகள் அறிவிக்கும்வரை ஒருவரும் வெளியே வரலாகாது.

புயல் எச்சரிக்கை கிடைத்தவுடன் தென்னையிலும் வாழையிலும் நீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். ஈரம் மிகுந்த மண்ணில் வேரின் பிடி தளரும். தென்னையில் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, கீழ்வரிசைப் பழைய மட்டைகளை வெட்டித் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, முதிர்ந்த தார்களை வெட்டிவிடலாம். கரும்பைச் சோகையால் பிணைத்து விட்டம் கட்ட வேண்டும். அறுவடைக்கு முதிர்ந்த நெல்லை அறுத்துப் பாதுகாப்பான இடம் சேர்ப்பதே நல்லது. கால்நடைகளைக் கொட்டிலில் கட்டிவைக்காமல் அவிழ்த்துவிட வேண்டும். மோட்டார் அறையின் மின்சாரத்தைத் துண்டிக்க மறக்கலாகாது.

புயலுக்குப்பின் வரும் இரண்டாவது நஷ்டம் பலரால் கவனிக்கப்படுவதில்லை. விழுந்த தென்னை மரங்கள் தோப்பிலேயே அழுகினால் காண்டாமிருக வண்டு அவற்றில் பெருகி, நின்று பிழைத்த மரங்களையும் புதுக் கன்றுகளையும் தாக்கும். காயம்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு நாடும். ஆகவே தடிகளை விரைவில் அப்புறப்படுத்துதல், அல்லது தூளாக்கி மட்கச் செய்தல், எருக்குழிகளில் மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணத்தை இடுதல் ஆகியவற்றைத் தோப்புக்காரர் அனைவரும் ஒருங்கே செய்ய வேண்டும். ஒருவர் செய்து பக்கத்தவர் செய்யாவிடின் பயனில்லை. புதிதாக நடும் தோப்பின் ஓரத்தில் சவுக்கு, மூங்கில் முதலியவற்றால் காற்றுத்தடை வேலி அமைப்பதும் நன்று. கடல்நீர் புகுந்த வயல்களில் அந்த நீரை வடித்துவிட்டு, நல்ல மழைநீரைத் தேக்கி மறுபடி மறுபடி வடித்தால் உப்பு இறங்கும். அதற்கும் வடிகால் திறந்திருக்க வேண்டும்.

6. எச்சரிக்கைகளைப் புரிந்துகொள்ளுதல்

இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் ஜில்லாவாரியாக எச்சரிக்கை வெளியிடுகின்றனர். அவர்கள் வழக்கில், 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டர் முதல் 11.5 வரை பெய்தால் கனமழை; 11.6 முதல் 20.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டால் அதிகனமழை. மஞ்சள் நிறம் கவனிக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே செயற்படவும் குறிப்பவை. மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே வடிமடைகளைத் திறந்து வாய்க்கால் அடைப்புகளை நீக்கி, உரமும் மருந்தும் இடுவதை ஒத்திவைக்க வேண்டும். சிவப்பு வந்தபின் வயலுக்குப் போவது உயிருக்கு ஆபத்து. துறைமுகங்களில் ஏற்றப்படும் 1 முதல் 11 வரையுள்ள எச்சரிக்கைக் கூண்டுகள் கப்பல்களுக்காக ஏற்பட்டவை. அவற்றைக் கொண்டு உள்நாட்டு மழையை நிர்ணயிப்பது சரியன்று.

7. கிராம அதிகாரிகளும் கணக்கும்

முன்னாளில் கர்ணமும் மணியக்காரரும் வகித்த பொறுப்பை 1980-க்குப்பின் கிராம நிர்வாக அலுவலர் வகித்து வருகிறார். பெயர் மாறினும் அடங்கலின் முக்கியத்துவம் குறையவில்லை, கூடியே இருக்கிறது. 2015 முதல், பயிரில் 33 சதவிகிதமோ அதற்கு மேலோ நஷ்டம் நேர்ந்தால் பேரிடர் நிவாரணத்துக்குத் தகுதி உண்டு என்று விதிக்கப்பட்டுள்ளது. முன்னர் இது 50 சதவிகிதமாயிருந்தது. ஆனால் எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பயிர், எவ்வளவு பரப்பில் நின்றது என்று அடங்கலில் இல்லாவிடின், நூறு சதவிகிதம் அழிந்தாலும் ஒன்றும் கிட்டாது. நேரில் பார்க்காமல் சென்ற பசலியின் பயிரையே இந்தப் பசலிக்கும் எழுதிவைப்பது அமைதியான வருஷத்தில் சிறு குற்றமாகத் தோன்றலாம். வெள்ள வருஷத்தில் அதுவே ஒரு குடும்பத்தின் நிவாரணத்தைப் பறித்துவிடும். ஆதலின் பயிராய்வுக்கு வயலுக்கே செல்ல வேண்டும். விவசாயிகளும் தம் பதிவைக் கேட்டுப் பார்த்துத் தவறு இருந்தால் அப்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

குத்தகைக்குப் பயிரிடுவோர் விஷயத்தில் நிலச்சொந்தக்காரர் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் உழுது, விதைத்து, நஷ்டமடைந்தவர் ஒருவராகவும், பட்டாவைக் காட்டி நிவாரணம் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பது பல ஊர்களில் நடந்துள்ளது. சாகுபடி செய்பவர் பெயர் அடங்கலில் ஏறுவதற்குச் சம்மதிப்பது நிலத்தை இழப்பதாகாது. சந்தேகம் இருந்தால் எழுத்து மூலமான குத்தகைச் சீட்டு இருதரப்பாருக்கும் பாதுகாப்பு அளிக்கும்.

2016 முதல் நடைமுறையிலுள்ள பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்த வேண்டியது காப்புத்தொகையில் 1.5 சதவிகிதம் மாத்திரமே. இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. மகசூல் நஷ்டம் பொதுவாக ஒவ்வொரு வயலாகப் பாராமல், அறிவிக்கப்பட்ட வட்டாரம் முழுவதற்கும், அதாவது நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமத்துக்கு, அறுவடைப் பரிசோதனை நடத்தி நிர்ணயிக்கப்படுகிறது. ஆதலின் தம் வயல் அழிந்தும் ஊரின் சராசரி குறையாதிருந்தால் தொகை கிடைக்காமற் போகலாம். அறுத்து வயலில் உலர்த்திய கதிர் புயல் மழையில் கெடுதல் போன்ற சில நஷ்டங்கள் மட்டும் தனி வயலாகப் பார்க்கப்படும். அவற்றை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் ஊரார் நேரில் இருந்து பார்ப்பது நலம். காப்பீட்டுக்குரிய கடைசித் தேதி ஒவ்வொரு பருவத்துக்கும் அறிவிக்கப்படுகிறது. மேகம் திரண்டபின் பதிவு செய்ய ஓடுவது வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் கூட்டமும் தவறும் மிகும்.

8. முடிவு

கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், வேலைகள் வருஷத்தின் மாதங்களோடு இயைந்து வருவது புலப்படும். சித்திரை, வைகாசியில் கோடை உழவு, வண்டல் எடுத்தல், தூர் வாருதல். ஆடியில் நீரின் இருப்பை அறிந்து பயிரைத் தீர்மானித்தல். புரட்டாசியில் வடிகால் சுத்தம், கரை பார்வை, அடங்கல் சரிபார்த்தல். ஐப்பசி, கார்த்திகையில் எச்சரிக்கைகளைக் கவனித்தல். தையில் நீரின் மிச்சத்தைக் கணக்கிடுதல். இவற்றுள் பெரும்பணம் வேண்டுவது ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் தனியே செய்து முடிக்கக்கூடியதும் ஒன்றுமில்லை. தலைமடையும் கடைமடையும் ஒரே வாய்க்காலின் இரு முனைகள். பஞ்ச வருஷத்தில் கடைமடையார் முதலில் காய்கிறார்கள். வெள்ள வருஷத்தில் முதலில் மூழ்குகிறவர்களும் அவர்களே. அடுத்த ஐப்பசிக்குள் ஒவ்வொரு கிராமத்தாரும் கூடித் தம் வடிகாலை ஒருமுறை தலை முதல் கடை வரை நடந்து பார்ப்பார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.